மஞ்சளா போனா மஞ்சக்காமாலையா?

கேள்வி: வாய்ப்புண்ணுக்கு டாக்டர் பி காம்ப்ளக்ஸ் எழுதிக் குடுத்தாரு. போட்ட அன்னிலேர்ந்து யூரின் பளிச்சுனு மஞ்சளா போகுது, காமாலையோன்னு பயமா இருக்கு. வீட்டுக்காரரு "காசெல்லாம் பாத்ரூம்ல போகுது"ன்னு கிண்டல் பண்றாரு. நானா வாங்கி வைட்டமின் சி 500 மி.கி. தினம் ரெண்டு சப்பிக்கிறேன். அதிகமானது எப்படியும் வெளிய போயிடும்தானே?
- ஒரு வாசகி, தேனி

பதில்: காமாலை இல்லம்மா. அது பி2வோட, அதாவது ரைபோஃப்ளேவினோட சொந்தக் கலர். நாளைக்கு ரெண்டு, ரெண்டரை மி.கி. போதும், மாத்திரையில பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும், மிச்சத்த கிட்னி அன்னிக்கே வெளிய தள்ளிடும். காமாலைன்னா டிகாஷன் மாதிரி கருத்துப் போகும், கண்ணு வெள்ளையும் மஞ்சளாகும்.

வைட்டமின் சி கதை குடல்லயே ஆரம்பிச்சிடுது. 200 மி.கி. வரைக்கும் கிட்டத்தட்ட முழுசா ரத்தத்துல ஏறும், ஒரே வேளையில 1,000 மி.கி. தாண்டினா பாதி கூட ஏறாது, ஏறாதது குடல்லயே நின்னு தண்ணிய இழுத்து வயித்தால போக வெச்சிடும். ஏறினதையும் கிட்னி வடிகட்டிட்டு வேணுங்கறத திரும்ப எடுத்துக்கும், ரத்தத்துல நிறைஞ்சிட்டா மிச்சத்த விட்டுடும். அதுல கொஞ்சம் ஆக்சலேட்டா, அதாவது கிட்னில கல்லு கட்ட வெக்கற உப்பா மாறும், அதனால கிட்னில கல்லு வந்தவங்க அந்த மாத்திரைய தொடவே வேண்டாம். உங்களுக்கும் எதுக்கு, ஒரு கொய்யாப்பழம் சாப்டா அன்னிக்குத் தேவையானது வந்துடுமே! உங்க வீட்டுக்காரர் சொன்னதுல பாதி நெஜம்தான்.

ஆனா "எப்படியும் போயிடும்"ங்கறத அப்படியே நம்பாதீங்க. பி12 தண்ணில கரையறதுதான், ஆனாலும் கல்லீரல் அத வருஷக்கணக்குல சேத்து வெக்கும், அதனால கெடுதல் இல்ல. பி6தான் வம்பு. 1983ல அமெரிக்க டாக்டருங்க எழுதினாங்க, தினம் ரெண்டு கிராமுக்கு மேல மாசக்கணக்குல சாப்ட்டவங்களுக்கு பாதம் மரத்துப் போய் நடை தள்ளாடுச்சுன்னு. அப்புறம் அதவிட ரொம்பக் கம்மி டோஸ்லயும் பாத்திருக்காங்க, ஐரோப்பாவுல 2023ல பெரியவங்களுக்கு நாளைக்கு 12 மி.கி.தான் உச்சவரம்புன்னு கொண்டு வந்துட்டாங்க. கூத்து என்னன்னா, கால் மரக்குதுன்னு நாமளா வாங்கிப் போடற நரம்பு மாத்திரையிலயும் இந்த பி6தான் இருக்கும், மரத்துப்போறது குறையலன்னு இன்னொண்ணு சேத்துப் போடுவோம்!

உங்க பி காம்ப்ளக்ஸ டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க, பயமில்ல. கூட மல்டிவைட்டமின், நரம்பு மாத்திரைன்னு வேற எதாவது ஓடுதுன்னா அட்டைக்குப் பின்னாடி பைரிடாக்ஸின்னு (பி6தான் அது) இருக்கறத எல்லாத்துலயும் கூட்டிப் பாத்துட்டு, அட்டையோட டாக்டர்கிட்ட காட்டுங்க.