ஒகேனக்கல்லில் குடும்பத்தோடு பரிசல்: எப்போது போவது, எப்படி ஏறுவது?

கேள்வி இது: வீட்டில் ஏழு பேர். அதில் 6, 11 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு 68 வயது அம்மா. காற்றடிக்கும் ரப்பர் படகு வாங்கி, காவிரியில் ஒகேனக்கல்லுக்கு மேலே இருக்கும் பிலிகுண்டுலுவில் இறங்கி ஒகேனக்கல் வரை நாமே துடுப்பு போட்டு வரலாமா, இல்லை பரிசலில் போவதே மேலா?

பரிசல்தான். ரப்பர் படகு யோசனையை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கக் காடு 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எதிர்க்கரை கர்நாடகம், அங்கேயும் சரணாலயம்தான். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அனுமதி கிடைத்தாலும் ஆறு விடாது. ஒகேனக்கல்லை நெருங்க நெருங்க காவிரி பாறைகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிகிறது. எந்தக் கிளை மணல்மேட்டுக்குப் போகும், எது அருவியில் போய் விழும் என்பது ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து வரும்போது தெரியாது. இரைச்சல் கேட்கும்போது திரும்ப இடமிருக்காது. அந்த வழியில் முதலையும் உண்டு, கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடமும் உண்டு.

இனி பரிசல். பலரும் விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். பார்க்க வேண்டியது பிலிகுண்டுலு அளவு. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து அது, தினமும் செய்தியில் வரும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நொடிக்கு 8,000 கன அடி என்று படித்தால், 12,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட பத்தொன்பது ஒவ்வொரு நொடியும் உங்களைக் கடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. நேற்றைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறுமுகம் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறக்கும் தண்ணீர் வந்து சேர இரண்டு நாள் வாக்கில் ஆகும். அதனால் சனிக்கிழமை போவதானால் புதன், வியாழனிலேயே அந்த இரண்டு அணைகளின் வெளியேற்றத்தைப் பார்த்துவிடுங்கள். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும். சில நாள் அருவியில் குளிக்க மட்டும் தடை, சில நாள் பரிசலுக்கும் சேர்த்து. கிளம்பும் காலையில் எது எது என்று தனித்தனியாக விசாரியுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் கர்நாடக அணைகள் நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். அப்போது பரிசல் கிடைப்பது அதிர்ஷ்டம். அக்டோபர், நவம்பரில் சிக்கல் வேறு மாதிரி. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் பக்கம் இரவில் கனமழை பெய்தால் அணை அறிவிப்பு எதுவும் இல்லாமலே ஆறு ஏறும், தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டம் குறைவு, ஆனால் வெயில் கொல்லும், பாறை அதிகம் தெரியும். அங்கங்கே இறங்கி நடக்க வேண்டிவரும், பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். உங்கள் குடும்பத்துக்கு டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சரியாக வரும், அதுவும் வார நாளில். ஆடிப்பெருக்கு, பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் போகாதீர்கள்.

ஒரு பரிசலுக்கு நான்கு பேர் என்பது கணக்கு. உங்களுக்கு இரண்டு வேண்டும். பிள்ளைகள் இருவரையும் ஒன்றில் ஏற்றாதீர்கள். பரிசலுக்கு ஒரு பிள்ளை, அதன் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பெரியவர். நீச்சல் தெரிந்தவர்களையும் பிரித்து ஏற்றுங்கள். சீட்டை கவுன்டரிலேயே வாங்குங்கள். பேருந்தில் இறங்கியதும் வந்து சூழ்கிற புரோக்கர்கள் சொல்லும் "தனி ரூட்" எதுவும் வேண்டாம். எத்தனை நேரம், எங்கே நிறுத்துவார், எங்கே நடக்க வேண்டும் என்பதை ஏறும் முன்பே பரிசல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. எல்லாப் பட்டைகளையும் இழுத்து மாட்டிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது தண்ணீரில் பிள்ளையின் தலைக்கு மேல் கழன்று போகும், பிள்ளை கீழே போகும். ஆறு வயதுக்குப் பெரியவர்கள் அளவைக் கொடுத்து "இறுக்கிக் கட்டினா போதும்" என்பார்கள். போதாது. கால்களுக்கு இடையே போகும் பட்டை உள்ள சிறுவர் அளவை வீட்டிலிருந்தே வாங்கிப் போவது நல்லது. பட்டை அறுந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் நுரை நசுங்கித் தட்டையாகியிருந்தாலோ மாற்றிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஏறும்போது விளிம்பில் கால் வைக்கக் கூடாது. நடுவில் வைத்து உடனே உட்கார வேண்டும். பரிசல் மூங்கில் பிளாச்சால் பின்னிய வட்டக் கூடை, அடியில் நீர் புகாத உறை. அடி தட்டையாக இருப்பதால்தான் கொஞ்சத் தண்ணீரிலும் பாறைமேல் வழுக்கிப் போகிறது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை அதற்குக் கிடையாது. அதனால் எடை கூடியவர்களை எதிரெதிரே உட்கார வையுங்கள். பிள்ளைகள் "அண்ணே, சுத்துங்க" என்று கத்துவார்கள், அவரும் சுற்றுவார். சுற்றுவதால் பரிசல் கவிழாது. எதிரே தெரியும் அருவியைப் படமெடுக்க நான்கு பேரும் ஒரே விளிம்புக்கு நகர்வதால்தான் கவிழும். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யாராவது விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் ஓட்டம் ஆளை முன்னால் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். பரிசலில் இருப்பவர்கள் எல்லாரும் கைநீட்டப் பாயக் கூடாது, பரிசல்காரர் துடுப்பை நீட்டுவார். இதைப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே தரையில் படுக்கவைத்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி: தாழ உட்கார்ந்து மணிக்கணக்கில் வருவதும், பாசி பிடித்த பாறையில் இறங்கி ஏறுவதும் முழங்காலுக்கு ஆகாது. நடக்கிற இடம் உண்டென்று பரிசல்காரர் சொன்னால், அம்மாவைத் துணைக்கு ஒருவரோடு தொங்கு பாலத்தில் நின்று அருவி பார்க்க விடுங்கள். அப்போது பரிசலில் ஏற மொத்தம் ஐந்து பேர்தான், மூன்றும் இரண்டுமாகப் பிரியலாம்.

நாளின் வரிசையும் முக்கியம். காலையில் மீன் வாங்கி, சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிட்டு முதலில் பரிசல். எண்ணெய் மசாஜ், குளியல், சாப்பாடு எல்லாம் பிறகு. எண்ணெய் தேய்த்த உடம்போடு ஏறினால் பிடித்துத் தூக்கக் கை வழுக்கும். வார் வைத்த செருப்பு போடுங்கள், ரப்பர் செருப்பு தண்ணீரோடு போய்விடும். கைப்பேசிக்கு நீர் புகாத உறை, மாற்றுத்துணி, தலைக்குத் தொப்பி போதும். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும்.

மணல்மேட்டில் இறங்கினால் பிள்ளைகள் நீரோரப் புதர்ப்பக்கம் தனியே போக வேண்டாம். தர்மபுரி 46 கிலோமீட்டர்தான், ஆனால் பென்னாகரம் வரை காட்டு மலைப்பாதை, அந்தி சாய்ந்தால் யானை குறுக்கே வரும். நாலரை மணிக்குள் வண்டியைக் கிளப்பிவிடுங்கள்.