கார்டு ரீடர் மக்கர் பண்ணுதா? ஃபார்மேட் பட்டன் பக்கமே போகாதீங்க

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த தடவை நீலகிரியில இருந்தும் கொடைக்கானல்ல இருந்தும் வந்த கேள்விங்க, எல்லாமே மெமரி கார்டு, கார்டு ரீடர் பத்தினது.

கேள்வி: வீட்ல அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப் இருக்கு. முன்பக்கத்துல கார்டு ரீடர், நாலு ஓட்டை இருக்கும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு பேரப்பிள்ளைங்க எல்லாரும் வந்தப்ப கேமராவில நிறைய போட்டோ எடுத்தோம். இப்ப கார்டை சொருகினா "டிரைவ்ல டிஸ்க் போடுங்க"ன்னு கேக்குது. திருப்பி கேமராவில போட்டா போட்டோ எல்லாம் நல்லா தெரியுது. மழைக்கு முன்னாடி வரைக்கும் இதே கார்டு இதே ரீடர்ல வேலை செஞ்சுது. பெங்களூர்ல இருக்கிற பையன் "ஃபார்மேட் பண்ணி பாரும்மா"ங்கறான். பண்ணலாமா சார்?
– கோத்தகிரி வாசகி

பதில்: வேணாம்மா, பண்ணவே பண்ணாதீங்க. கேமராவில போட்டோ தெரியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்படின்னா கார்டும் நல்லா இருக்கு, உள்ள இருக்கிற போட்டோவும் நல்லா இருக்கு, கோளாறு ரீடர்லயோ கம்ப்யூட்டர்லயோதான். ரீடர் கெட்டதுக்கு கார்டை அழிச்சு என்ன பிரயோஜனம்? பையன் கிட்டயும் இதை சொல்லிடுங்க.

முதல் வேலை போட்டோவை பத்திரப்படுத்துறது. ரீடரை அப்புறம் பாத்துக்கலாம். கேமரா வாங்கின டப்பாவில யூஎஸ்பி கேபிள் ஒண்ணு இருக்கும், கார்டை கேமராவிலேயே வச்சு கேபிளை கம்ப்யூட்டர்ல சொருகி கேமராவை ஆன் பண்ணுங்க. மை கம்ப்யூட்டர்ல கேமரா பேர் வரும், உள்ள போய் எல்லாத்தையும் காப்பி பண்ணி, ஒரு பென் டிரைவ்லயும் இன்னொரு காப்பி போட்டு வைங்க. பேட்டரி ஃபுல்லா சார்ஜ் பண்ணிட்டு செய்யுங்க, பாதியில கேமரா ஆஃப் ஆகக்கூடாது.

இப்ப ரீடருக்கு வருவோம். மை கம்ப்யூட்டர்ல அந்த நாலு ஓட்டைக்கும் நாலு டிரைவ் எழுத்து தெரிஞ்சா ரீடருக்கு கரன்ட் போகுது, டிரைவர் சாஃப்ட்வேரும் இருக்குன்னு அர்த்தம், கார்டு உள்ள வந்ததுதான் அதுக்கு தெரியல. இதுக்கு பெரும்பாலும் காரணம் ஈரம். உங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழை எப்படி பிடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, துணியே காயாது. அந்த நாள்ல வாரக்கணக்கா ஆன் பண்ணாம கிடந்த கம்ப்யூட்டர்ல ஸ்லாட்டுக்குள்ள, அதாவது கார்டு சொருகுற ஓட்டைக்குள்ள இருக்கிற மெல்லிசு கம்பிங்க மேல ஒரு படலம் படிஞ்சிடும். எஸ்டி கார்டுக்கு பின்னாடி திருப்பி பாத்தா தங்க கலர்ல பட்டை பட்டையா ஒன்பது இருக்கும், அது ஒவ்வொண்ணையும் ஸ்லாட்டுக்குள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் கம்பி வந்து தொடணும், ஒண்ணு தொடலன்னாலும் தகராறுதான்.

கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணி, பிளக்கையும் சுவத்துல இருந்து எடுத்துடுங்க. கார்டோட தங்க பட்டையை பழைய பருத்தி துணியால மெதுவா துடைங்க, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைச்சா துணியில ரெண்டு சொட்டு விட்டு துடைச்சு நல்லா காய விடுங்க. அழிரப்பர் வச்சு தேய்ங்கன்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல, தங்க முலாம் ரொம்ப மெல்லிசு, ரப்பர் தூளும் ஸ்லாட்டுக்குள்ள போயிடும். ஸ்லாட்டுக்குள்ள ஊக்கு, குச்சி, பட்ஸ் எதையும் விடாதீங்க. கேமரா லென்ஸுக்கு வச்சிருக்கிற காத்தடிக்கிற பல்ப் இருந்தா ரெண்டு மூணு தடவை அடிங்க, டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, ஏதாவது ஒரு கம்பி மட்டும் மடங்கி ஒரு பக்கமா சாஞ்சிருந்தா அந்த ஓட்டை இனிமே ஆகாது. கம்பி நேரா இருந்தா கரன்ட் இல்லாத நிலையிலேயே ஒரு பத்து தடவை கார்டை மெதுவா சொருகி எடுங்க, அந்த உரசல்லயே படலம் பாதி போயிடும். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா மலை ஊர்ல பல ரீடர் இதுலயே சரியாயிடும்.

டிரைவ் எழுத்து ஒண்ணுமே தெரியலன்னா அது வேற கேஸ். கேபினட்டை திறந்து பாக்கணும், உங்களுக்கு பழக்கம் இல்லன்னா அக்கம்பக்கத்துல தெரிஞ்ச பசங்கள கூப்பிட்டுக்கோங்க. ரீடர்ல இருந்து வர்ற வயரோட முனையில ஒன்பது ஓட்டை இருக்கிற கனெக்டர் இருக்கும், அது மதர்போர்டுல யூஎஸ்பின்னு எழுதியிருக்கிற பின் மேல உக்காரணும், லூஸா இருந்தா கழட்டி திரும்ப அழுத்தி போட்டா போதும். இங்க ஒரு ஆபத்து இருக்கு. பழைய மதர்போர்டு சிலதுல அதே அளவுல 1394-ன்னு எழுதின ஃபயர்வயர் பின்னும் இருக்கும், அதுல 12 வோல்ட் வரும். 5 வோல்ட் ரீடரை அதுல போட்டா ரீடர் அவ்வளவுதான். எழுத்தை படிச்சு பாத்துட்டு போட சொல்லுங்க.

வயரும் சரியா இருந்தா ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர் போங்க, மஞ்சள் முக்கோணம் போட்டு ரீடர் பேரோ "அன்நோன் டிவைஸ்"னோ இருந்தா அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸே திரும்ப போட்டுக்கும். அதுக்கும் மசியலன்னா விட்டுடுங்கம்மா, வெளியில சொருகுற யூஎஸ்பி ரீடர் சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, வாங்கும்போது எஸ்டிஎக்ஸ்சி, அதாவது 64 ஜிபி மாதிரி பெரிய கார்டு வகையை படிக்கும்னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. 2006-க்கு முன்னாடி வந்த ரீடரா இருந்தா அதுக்கு முந்தின வகையான எஸ்டிஹெச்சி, அதாவது 4 ஜிபி, 8 ஜிபி கார்டையே படிக்காது, 2009-க்கு முன்னாடி வந்தது 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி கார்டை படிக்கும்னு கேரண்டி கிடையாது.

இன்னொண்ணு, மழை நாள்ல கம்ப்யூட்டரை வாரத்துக்கு ரெண்டு நாளாவது அரை மணி நேரம் ஆன் பண்ணி வைங்க, உள்ள வர்ற சூட்டுல ஈரம் போயிடும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும், பழைய பருத்தி சேலை போதும்.

கேள்வி: கார்டுல இருக்கிறதை பாக்க முடியுது, ஆனா அழிக்கவும் முடியல, புதுசா போடவும் முடியல. "ரைட் புரொடெக்டட்"னு வருது.
– குன்னூர் வாசகர்

பதில்: கார்டோட இடது ஓரத்துல குட்டியா ஒரு தள்ளு பட்டன் இருக்கும், அது லாக் பக்கம் இறங்கியிருக்கும், மேல தள்ளுங்க. அந்த பட்டனே உடைஞ்சு விழுந்திருந்தா ரீடர் அதை லாக்குன்னுதான் எடுத்துக்கும், அந்த பள்ளத்து மேல சின்னதா ஒரு செலோ டேப் ஒட்டினா சரியாயிடும், பின்னாடி தங்க பட்டை மேல டேப் படாம ஒட்டுங்க. மைக்ரோ எஸ்டியை அடாப்டர்ல போட்டு சொருகுறீங்கன்னா லாக் அடாப்டர்லதான் இருக்கும், வேற அடாப்டர் மாத்தி பாருங்க. இது எதுவும் இல்லாம லாக் மேல இருந்தும் அதே மெசேஜ் வந்தா கார்டுக்கு வயசாயிடுச்சு, சில கார்டு சாகுறதுக்கு முன்னாடி படிக்க மட்டும் விடும், எழுத விடாது. உடனே எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு கார்டை மாத்திடுங்க.

கேள்வி: 2018-ல குறிஞ்சி பூத்தப்ப அப்பா அவரோட மொபைல்ல எடுத்த போட்டோ எல்லாம் மைக்ரோ எஸ்டி கார்டுல இருக்கு. அந்த மொபைல் டிஸ்பிளே போய் டிராயர்ல கிடக்கு. கார்டை லேப்டாப் ரீடர்ல போட்டா "ஃபார்மேட் பண்ணினாத்தான் யூஸ் பண்ண முடியும்"னு வருது. ரெண்டு ரீடர் மாத்திட்டேன், அதேதான். மத்த கார்டு எல்லாம் ரெண்டு ரீடர்லயும் ஓபன் ஆகுது. அப்பா இப்ப இல்ல. அடுத்த குறிஞ்சி 2030-ல, அது பூக்கும், ஆனா இந்த போட்டோ வராது சார். ஏதாவது வழி இருக்கா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: இருக்குங்க, நம்பிக்கை விடாதீங்க, ஆனா நான் சொல்றதை அப்படியே செய்யுங்க. முதல்ல அந்த மெசேஜ்ல கேன்சல் கொடுத்துட்டு கார்டை வெளிய எடுத்து தனியா வைங்க.

மத்த கார்டு ஓபன் ஆகுதுன்னா ரீடர் மேல தப்பில்ல. எனக்கு சந்தேகம் வேற இடத்துல. 2015-ல வந்த ஆண்ட்ராய்டு 6-ல இருந்து, கார்டை போட்டதும் சில மொபைல் ஒரு கேள்வி கேக்கும், இதை வெளி ஸ்டோரேஜா வச்சுக்கவா இல்ல போனோட உள் ஸ்டோரேஜாவே சேத்துக்கவான்னு. நிறைய பேர் இடம் ஜாஸ்தியா கிடைக்குமேன்னு உள் ஸ்டோரேஜ்னு கொடுத்துடுவாங்க. அப்படி கொடுத்தா போன் அந்த கார்டை பூட்டி, சாவியை தன் கிட்டயே வச்சுக்கும். அந்த ஒரு போனைத் தவிர உலகத்துல எந்த கம்ப்யூட்டராலயும் அதை படிக்க முடியாது, விண்டோஸுக்கு அது ஒண்ணும் புரியாத கார்டா தெரியறதாலதான் ஃபார்மேட் கேக்குது.

உங்க கார்டு அப்படித்தானான்னு பாக்க, கார்டை சொருகி ஸ்டார்ட் மேல ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க. அங்கயும் அது ஃபார்மேட் பண்ணவா, இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டா வேணாம்னே கொடுங்க. கீழ உங்க கார்டோட வரிசையில 16 எம்பின்னு ஒரு குட்டி பகுதியும், அதுக்கு பக்கத்துல பேர் இல்லாத பெரிய பகுதியும் தெரிஞ்சா அதேதான்.

அப்படின்னா இப்ப உங்களுக்கு கார்டை விட முக்கியம் டிராயர்ல கிடக்கிற அந்த மொபைல். சாவி அதுக்குள்ளதான் இருக்கு. அதை யாருக்கும் கொடுத்துடாதீங்க, எக்ஸ்சேஞ்சுல போட்டுடாதீங்க. நல்ல கடையில டிஸ்பிளே மட்டும் மாத்த சொல்லுங்க, பேட்டரி உப்பியிருந்தா அதையும். கொடுக்கும்போதே "ரீசெட் பண்ணக்கூடாது, சாஃப்ட்வேர் போடக்கூடாது"ன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க, ரீசெட் பண்ணின நிமிஷம் சாவி போயிடும். கார்டை கடைக்கு கொண்டு போகாதீங்க, வீட்லயே இருக்கட்டும். போன் உயிர் வந்ததும் அப்பாவோட பின் நம்பரோ பேட்டர்னோ போட்டு திறந்து, ஆஃப் பண்ணிட்டு கார்டை போட்டு ஆன் பண்ணுங்க, கேலரியில போட்டோ வரும், கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிடுங்க.

அந்த 16 எம்பி பகுதி இல்லாம ஒரே பகுதியா இருந்து, அது "ரா" (RAW)ன்னு காட்டினா எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற கார்டோட அட்டவணை கெட்டிருக்கு, பூட்டு இல்ல. அதுக்கு ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அட்டவணையை பாக்காம ஃபைலோட ஆரம்பத்தை வச்சே போட்டோவை தேடி எடுக்கும். எடுத்ததை அதே கார்டுல போடாம லேப்டாப்ல தனி ஃபோல்டர்ல போடுங்க. ஃபைல் பேரு, தேதி வரிசை எல்லாம் போயிருக்கும், பரவாயில்ல, படம் இருந்தா போதும். செக் டிஸ்க் ஓட்டுங்கன்னு யாராவது சொன்னா போட்டோ கைக்கு வர்ற வரைக்கும் கேக்காதீங்க, அது கார்டுலயே எழுதி திருத்துற வேலை.

போன் ஏற்கனவே ரீசெட் ஆகியிருந்தா மட்டும் வழி இல்லங்க, இதை சொல்ல எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு. அப்படி ஆன கார்டை எடுத்து தர்றேன்னு ஆயிரக்கணக்குல பணம் கேக்குறவங்கள நம்பாதீங்க. அதுக்கு முன்னாடி அப்பாவோட ஜிமெயில்ல கூகுள் போட்டோஸ் திறந்து பாருங்க, பேக்கப் ஆன்ல இருந்திருந்தா அங்க கிடக்கும்.

கேள்வி: ஆன்லைன்ல ரொம்ப சீப்பா 512 ஜிபி கார்டு வாங்கினேன். ரீடர்ல 512 ஜிபின்னுதான் காட்டுது. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு போட்ட வீடியோ எதுவும் ஓபன் ஆகல. ரீடர் கோளாறா?
– கூடலூர் வாசகர்

பதில்: ரீடர் பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. 8 ஜிபி, 16 ஜிபி கார்டை 512-ன்னு பொய் சொல்ல வச்சு விக்கிறாங்க. உண்மையான இடம் தீர்ந்ததுக்கு அப்புறம் போடுற ஃபைலுக்கு பேர் மட்டும் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, ஓபன் ஆகுற ஃபைலை எல்லாம் காப்பி எடுத்துட்டு, கார்டை காலி பண்ணிட்டு ஓட்டுங்க, கார்டு முழுக்க எழுதி திரும்ப படிச்சு உண்மையான அளவை சொல்லிடும். பொய்னு தெரிஞ்சா அந்த ரிசல்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பணத்தை திரும்ப கேளுங்க.

கேள்வி: அண்ணா, நான் கல்யாண வீடியோ எடுக்கிறேன். 64 ஜிபி கார்டு காப்பி ஆக அரை மணி நேரத்துக்கு மேல ஆகுது, சில சமயம் நடுவுல ரீடர் காணாம போய் திரும்ப வருது. ராத்திரி ஷூட் முடிச்சு வந்த உடனே போட்டா கண்டிப்பா கட் ஆகுது.
– ஊட்டி வாசகர்

பதில்: தம்பி, நேரம் ஆகுறதுக்கு காரணம் யூஎஸ்பி 2. பேப்பர்ல 480 மெகாபிட்னு இருந்தாலும் கைக்கு வர்றது செகண்டுக்கு 30 எம்பி சொச்சம்தான், அந்த கணக்குல 64 ஜிபிக்கு அரை மணி நேரம் தாண்டத்தான் செய்யும். யூஎஸ்பி 3 ரீடரை கம்ப்யூட்டருக்கு பின்னாடி இருக்கிற நீல போர்ட்ல நேரா சொருகுங்க, கார்டும் வேகமானதா இருந்தா பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடியும். முன்பக்க போர்ட், ஹப், நீள கேபிள் எதுவும் நடுவுல வேணாம், காணாம போய் வர்றதுல முக்கால்வாசி அங்க கரன்ட் பத்தாம வர்றதுதான். டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப் பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட்ல, கரன்ட் மிச்சம் பண்ண இதை ஆஃப் பண்ணலாம்னு இருக்கிற டிக்கையும் எடுத்துடுங்க.

ராத்திரி விஷயம்தான் முக்கியம். ஜனவரி ஊட்டி குளிர்ல மணிக்கணக்கா இருந்த கேமராவை ஹீட்டர் போட்ட ரூமுக்குள்ள கொண்டு வந்து உடனே திறந்தா லென்ஸ்ல பனி மாதிரி படியும்ல, அதே நீர் கார்டு மேலயும் படியும். வெளியிலேயே கேமராவை பைக்குள்ள வச்சு ஜிப் போட்டுட்டு உள்ள வாங்க, ஒரு மணி நேரமாவது திறக்காம விடுங்க, பையில சிலிகா ஜெல் பாக்கெட் ரெண்டு மூணு எப்பவும் கிடக்கட்டும். கல்யாணத்தை ரெண்டாம் தடவை நடத்த முடியாது, அதனால கேமராவில ரெண்டு ஸ்லாட் இருந்தா ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதிவாகுற மாதிரி செட் பண்ணுங்க, கம்ப்யூட்டரையும் யூபிஎஸ்ல போட்டு வைங்க, நம்ம ஊர்ல காத்து அடிச்சா கரன்ட் போறது உங்களுக்கு தெரிஞ்சதுதானே.