கம்ப்யூட்டர் நெட்வொர்க் 1969-இல்தான் தொடங்கியதா? அதற்கு முன் எப்படித் தகவல் அனுப்பினார்கள்?

கல்லூரிப் பாடத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் 1969 அக்டோபர் 29 என்று இருக்கும். அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லாகின்' என்று அடித்தார்கள். எல், ஓ இரண்டும் போனதோடு அந்தப் பக்கத்து மெஷின் படுத்துவிட்டது. உண்மைதான். ஆனால் அதற்கு முன் ஒன்றுமே இல்லாத மாதிரி பேசினால் எனக்கு மனசு கேட்பதில்லை. நான் தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டரில் உட்கார்ந்தவன்; இங்கே தட்டினால் கம்பி வழியே போய் அங்கே அச்சாகிற மெஷின் அது.

கிண்டி ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸில் செய்த மெஷின். ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்பு, அதில் 32 குறிதான் கிடைக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் அது போதாது. அதனால் எண் வருமுன் ஒரு ஷிஃப்ட் குறி போகும். லைன் இரைச்சலில் அது தொலைந்தால் எண்ணெல்லாம் எழுத்தாக விழும்.

ஒரு மழை ராத்திரி, கல்யாணத் தந்தி ஒன்றில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'கியூ டி' என்று வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் அப்படியே ஃபாரத்தில் ஒட்டப் போனான். கையைப் பிடித்து, கீபோர்டின் மேல்வரிசையைக் காட்டினேன். கியூ 1, டபிள்யூ 2, ஐந்தாவது டி. அப்போ 15 தானே சார் என்றான். தானேதான், ஆனால் ஊகித்ததைக் கொடுக்கக் கூடாது. திரும்ப அனுப்பச் சொல்லி, 15 என்று தெளிவாக விழுந்த பிறகே கொடுத்தனுப்பினோம். இன்று இன்டர்நெட்டில் போகும் செய்தித் துண்டு, அதாவது பாக்கெட், தொலைந்தால் டிசிபி என்ற விதிமுறை மறுபடி அனுப்ப வைப்பதும் இதே எண்ணத்தில்தான்.

நேர் லைன் இல்லாத ஊருக்கென்றால், நடுவில் உள்ள ஆபீஸில் செய்தியைத் துளைகளாகப் பதியும் காகித நாடாவில் வாங்கி, கிழித்து, அடுத்த லைன் காலியானதும் ஓட்டுவார்கள். தந்தியும் கம்ப்யூட்டரும் ஒன்றா என்று யாராவது சண்டைக்கு வரலாம். ஒன்றென்று நான் சொல்லவில்லை. செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வழி பார்த்துப் போக வைக்கலாம் என்று 1960களில் யோசித்தவர்கள் பால் பாரனும் டொனால்ட் டேவிஸும். பாக்கெட் என்று பெயர் வைத்தவர் டேவிஸ். எங்கள் லைன் 50 பாட், அதாவது நொடிக்கு 50 துடிப்பு; அந்த 1969 நெட்வொர்க்கின் லைன் நொடிக்கு 50,000 பிட். அந்தப் பெருமையில் நான் பங்கு கேட்கவில்லை. வாங்கி வைத்து அனுப்புகிற முறை கம்பித் தந்திக்காரர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

2013 ஜூலையில் தந்தி நின்றபோது எல்லாரும் கடைசித் தந்தி அனுப்பிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், என் மனைவியின் கண் ஆபரேஷன் பில்லை ஏழு மாதமாக ஆபீஸில் போட்டு வைத்திருக்கிறார்களே, அதற்காவது ஒரு பதில் போடலாம். அந்தக் காலத்தில் வாங்கிய தந்திக்கு விடிவதற்குள் பதில் சொல்லாமல் நாங்கள் எழுந்ததில்லை.