தாடை முறிவுக்கு மீன்பிடித் தடைக்காலம் வரை காத்திருக்கலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் தம்பிக்கு 26 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறான். வலை இழுக்கும்போது வின்ச் கயிறு அறுந்து தாடையில் அடித்துவிட்டது. ஆறு நாளாகிறது. வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் கடித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தவில்லை. கீழுதடு ஒரு பக்கம் மரத்திருக்கிறது. கட்டு வைத்தியர் தாடையைச் சுற்றித் துணிக்கட்டுப் போட்டிருக்கிறார். இப்போது தொழில் நன்றாக ஓடுகிறது, தடைக்காலத்தில் ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்கிறான். விடலாமா?"

விடாதீர்கள். நாளையே அழைத்துக்கொண்டு போங்கள்.

வீக்கம் வற்றியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தாடை முறிவில் நான் முதலில் கேட்பது, பல் பழையபடி கடிபடுகிறதா என்றுதான். சிறு வயதிலிருந்து பழகிய கடி ஒரே நாளில் மாறினால் எலும்பு இடம் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். உதடு மரத்ததும் அதே கதைதான். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது; எலும்பு விலகும்போது அதுவும் நசுங்கும். இந்த மரப்பை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 'ஆபரேஷனால்தான் மரத்துப்போச்சு' என்று பல வீடுகளில் மனக்கசப்பு வருகிறது. உணர்ச்சி திரும்பச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கிவிடுவதும் உண்டு.

தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்கும். எலும்பு அதுவரை நமக்காகக் காத்திருக்காது. இரண்டு மூன்று வாரத்திலேயே விலகிய நிலையிலேயே ஒட்ட ஆரம்பித்துவிடும். கோணலாகக் கூடிய தாடையைச் சரிசெய்ய அதைத் திரும்ப வெட்டி உடைத்துத்தான் பொருத்த வேண்டும். இப்போது செய்வதைவிட அது பெரிய ஆபரேஷன். இன்னொன்றும் இருக்கிறது. பல் இருக்கும் பகுதியில் தாடை முறிந்தால் அது பெரும்பாலும் வாய்க்குள் திறந்த காயம்தான். எச்சிலில் உள்ள கிருமி எலும்புக்குள் போய்ச் சீழ் பிடிக்கும்.

துணிக்கட்டு முறிந்த துண்டுகளைப் பழைய இடத்தில் நிறுத்தாது. இறுக்கிக் கட்டினால் தாடையைப் பின்னுக்குத் தள்ளவும் கூடும். தளர்த்திவிடுங்கள், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

இதைப் பார்ப்பவர் வாய்முகத்தாடை அறுவை மருத்துவர். பல் மருத்துவம் படித்து, அதற்கு மேல் இந்த அறுவையில் பயிற்சி பெற்றவர். 'எலும்பு உடைந்ததற்குப் பல் டாக்டரிடமா?' என்று தயங்கியே நாளைக் கடத்துகிறார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவில் காட்டுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினால் தள்ளிப்போடாமல் கிளம்புங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள். 'நம்மைக் காக்கும் 48' சாலை விபத்துக்கான திட்டம், படகில் பட்ட அடிக்குப் பொருந்தாது.

அங்கே முழுத் தாடையும் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். மோவாயில் அடி பட்டிருந்தால் காதுக்கு முன்னால் உள்ள மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடி விழுந்தது ஓரிடம், உடைந்தது வேறிடம் என்பது தாடையில் சகஜம். அந்த மூட்டு முறிவைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் வாய் திறக்க முடியாமல் போகலாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

அதிகம் விலகாத முறிவென்றால், பற்களில் கம்பி கட்டி மேல்தாடையையும் கீழ்தாடையையும் நான்கிலிருந்து ஆறு வாரம் சேர்த்துப் பூட்டி வைப்பார்கள். உங்கள் தம்பிக்கு, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், டைட்டானியம் ப்ளேட் வைத்து ஸ்க்ரூ போட வேண்டி வரலாம். பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறிச் செய்துவிடலாம், முகத்தில் தழும்பு தெரியாது. தொந்தரவு தராத ப்ளேட்டை எடுக்கத் தேவையில்லை.

ப்ளேட் வைத்ததும் கடலுக்குப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். குறைந்தது ஆறு வாரம் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு, வடிகட்டிய மீன் ரசம் என்று மெல்லத் தேவையில்லாத சாப்பாடுதான். பீடியும் சாராயமும் புண் ஆறுவதைக் கெடுக்கும். வின்ச் வேலைக்கு மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் போக வேண்டும். கம்பி பூட்டியிருக்கும் காலத்தில் படகில் கால் வைக்கவே கூடாது. கடல் குமட்டி வாந்தி வந்தால் வாயைத் திறக்க வழியில்லை, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வீட்டிலும் கம்பி வெட்டும் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வையுங்கள்.

நாளை கிளம்பும்வரை ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் இளஞ்சூட்டு உப்பு நீரில் வாய் கொப்பளிக்கட்டும். நாக்குக்கு அடியில் வீங்கி எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு கழுத்து வீங்கினாலோ விடியும்வரை பார்க்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தாலும், தலைவலியோடு வாந்தி, மயக்கம் வந்தாலும் அப்படியே. அது தலைக்காயமாக இருக்கலாம், தாடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.