சென்னையில் 48,000, கும்பகோணத்தில் 30,000: ஊருக்குத் திரும்பலாமா?

கேள்வி: குரோம்பேட்டையில் 15,000 ரூபாய் வாடகையில் இருக்கிறேன். சம்பளம் 48,000. மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். கும்பகோணத்தில் கணக்கு வேலைக்கு 30,000 தருவதாகச் சொல்கிறார்கள். "இங்கே செலவு பாதிதானே" என்கிறார் முதலாளி. உண்மையா?

பாதியெல்லாம் இல்லை. 2019-ல் அம்பத்தூரை விட்டுக் கும்பகோணத்துக்கு வந்தபோது இதே பேச்சைக் கேட்டுத்தான் நானும் தலையாட்டினேன். 42,000 வாங்கிக்கொண்டிருந்தவன், ஒரு பாத்திரக் கடையில் 24,000-க்குக் கணக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதல் மாதமே தெரிந்துவிட்டது. கேஸ் சிலிண்டர், பெட்ரோல், போன் ரீசார்ஜ், ஏற்கெனவே ஓடுகிற வண்டித் தவணை, இதெல்லாம் ஊர் பார்த்துக் குறைவதில்லை. பாலும் பருப்பும் அப்படித்தான். ரேஷன் அரிசி இலவசம், மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் என்றால் அது சென்னையிலும் உண்டு. குறைந்தது எது? வாடகை. ஆபீசுக்குப் போய்வருகிற செலவு. கீரை, வாழைக்காய், தேங்காய் மாதிரி பக்கத்துக் கொல்லையிலிருந்து வருகிறவை. அப்புறம் முடிவெட்ட, துணி தைக்க, குழாய் ரிப்பேர் பார்க்க. இந்தக் கடைசி வகை மலிவாக இருப்பதற்குக் காரணம், அவர்களுக்கும் இங்கே கூலி குறைவு என்பதுதான். அதில் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை.

மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு இந்த வித்தியாசத்தை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 35,400 என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அதே 35,400. அகவிலைப்படியும் நாடு முழுக்க ஒரே சதவீதம். மாறுவது முக்கியமாக வீட்டு வாடகைப்படி. 2024 ஜனவரியிலிருந்து சென்னைக்கு 30 சதவீதம், திருச்சிக்கு 20, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் 10. அதாவது 10,620, 7,080, 3,540. சென்னையில் போக்குவரத்துப்படியும் கொஞ்சம் கூடுதல். ஆக, வீட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான் ஊர் பார்க்கிறார்கள். நம் முதலாளிகளோ வாடகையைக் காரணம் காட்டி மொத்தச் சம்பளத்திலும் கை வைக்கிறார்கள். பாத்திரத்தை மட்டும் சென்னை விலைக்குத்தான் விற்பார்கள்!

உங்கள் கணக்குக்கு வருவோம். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தை ஒட்டி இல்லாமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் 8,000-க்கு நல்ல வீடே கிடைக்கும். அதில் 7,000 மிச்சம். ரயில் பாஸ், மதியச் சாப்பாடு, வார இறுதிச் செலவு என்று இன்னொரு 4,000 குறையும் என்று வையுங்கள். ஆனால் சம்பளத்தில் போவது 18,000. துண்டு விழுகிற 7,000-த்தைப் பற்றி முதலாளி பேசமாட்டார்.

நான் எப்படிச் சமாளித்தேன் என்றால், அப்பா கட்டிய வீடு இருந்தது. தை அறுவடை முடிந்ததும் மாமா ஒரு மூட்டை அரிசி அனுப்பிவிடுவார். இந்த இரண்டும் இல்லாத என் கூட்டாளி ஒன்றரை வருடத்தில் மறுபடியும் சென்னைக்கே உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று கேள்வியில் எழுதவில்லை. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

சென்னையில் இல்லாத ஒரு செலவும் இங்கே உண்டு: மொய். ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு மூன்று பத்திரிகை வரும். சென்னையில் இருந்தபோது ஜிபேயில் 500 போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன். தெருவிலேயே குடியிருந்துகொண்டு அப்படிச் செய்ய முடியுமா? பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூர், இல்லாவிட்டால் திருச்சி. கார் வாடகை தனி.

வேலையை மாற்றும் வசதியும் குறைவு. தஞ்சாவூரில் 2024-ல் ஐடி கம்பெனிகளுக்காக நியோ டைடல் பூங்கா திறந்தார்கள், நல்லதுதான். ஆனாலும் இங்கே தொழில் என்றால் நெல், அரிசி ஆலை, ஜவுளி, பாத்திரம், நகை, கோயிலைச் சுற்றிய வியாபாரம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் விவசாயி கணக்கில் ஏறினால்தான் கடைத்தெருவில் கூட்டம். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருடம் சம்பள உயர்வைப் பற்றி வாயே திறக்க முடியாது. நடவுக்கு மேற்கு வங்கத்து ஆட்கள் வருகிறார்கள், நம் பையன்கள் திருப்பூருக்குப் போகிறார்கள். அந்தக் கதை தனி.

30,000-க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், 37,000 கேளுங்கள். முதலாளி 35,000-க்காவது ஒத்துக்கொண்டால், உங்களுக்குச் சொந்த வீடும் இருந்தால், தாராளமாக வாருங்கள். இன்னொன்று, பிஎஃப் எந்தத் தொகைக்குப் பிடிப்பார்கள், சம்பளம் முழுவதும் பாங்கில் வருமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. கையில் 24,000, பதிவேட்டில் 12,000. மாடியில் ஓர் அறை கட்டக் கடன் கேட்டுப் போன அன்றுதான், பாங்க் மேனேஜர் சம்பளச் சீட்டைத் திருப்பிக் காட்டினார்.