ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்கிக் குடியேறலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்தவன், வயது 63. 1998 முதல் பிரிட்டிஷ் குடியுரிமை. மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அவரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான். ஓய்வுக்காலத்தை ஏற்காட்டில் கழிக்க ஆசை. வீட்டோடு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் விலைக்கு வந்திருக்கிறது, தரகர் அட்வான்ஸ் கேட்கிறார். இ-விசாவில் வந்துவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா? வாழப்பாடியில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் புஞ்சையும் இருக்கிறது.

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் அவர்களின் துணைக்கும் இந்திய அரசு தரும் அட்டை) கைக்கு வந்த பிறகும் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் இந்த மூன்றையும் நீங்கள் விலைக்கு வாங்க முடியாது. குடியிருப்பு வீடு, மனை, கடை வாங்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. தோட்டத்துக்கு நடுவில் பங்களா நிற்பதால் அது குடியிருப்பு வீடாகிவிடாது.

இந்த இடத்தில் தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை, “தம்பி பேரில் வாங்கிப் போட்டுடலாம் சார்.” தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் பணம், தம்பி பெயரில் பத்திரம் என்றால் அது பினாமி. சொத்து பறிமுதல் ஆகும். 1 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் தனி.

வாழப்பாடி நிலத்துக்கு இந்தத் தடை இல்லை. வாரிசு உரிமையில் வரும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கூடப்பிறந்தவர்கள் இருந்தால் பாகப்பிரிவினையைப் பதிவுசெய்து, பட்டா மாற்றி விடுங்கள். விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம்.

இனி விசா. இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று தனியாக ஒன்று கிடையாது. இ-சுற்றுலா விசாவை நீட்டிக்கவும் வேறு விசாவாக மாற்றவும் முடியாது. ஆகவே இங்கிலாந்திலிருந்தே ஓசிஐக்கு விண்ணப்பியுங்கள். அது ஆயுள்கால விசா. எத்தனை நாள் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு தேவையில்லை. பழைய இந்திய பாஸ்போர்ட்டை முதலில் தேடி எடுங்கள். அதை ஒப்படைத்த சரண்டர் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் சிக்குவது இனிஷியலில். இந்திய பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்தாக இருந்த அப்பா பெயர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இப்போதே தயாராக இருக்கட்டும். ஓசிஐ, பான், கிரயப் பத்திரம், பட்டா நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்தால் பின்னால் பாதித் தொல்லை இல்லை.

உங்கள் மனைவி, உங்கள் மனைவி என்ற முறையில் ஓசிஐ பெறலாம். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்திருக்க வேண்டும். அவரோ, அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுக்கும் முந்தைய தலைமுறையோ பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்திருக்கக் கூடாது. பாதுகாப்பு விசாரணை உண்டு என்பதால் அவருக்குத் தாமதமாகும். இரண்டு அட்டையும் வந்த பிறகே விமான டிக்கெட் போடுங்கள். அவர் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று மாதத்துக்குள் அதை ஓசிஐ தளத்தில் பதிவேற்ற வேண்டும்.

ஏற்காட்டில் வீடு பார்க்கும்போது தரகர் தரும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். சர்வே எண்ணை வாங்கி, பட்டா, சிட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு), 30 ஆண்டு வில்லங்கச் சான்று நான்கையும் நீங்களே எடுங்கள். சிட்டாவில் புன்செய் என்று இருந்தால், கட்டடம் இருந்தாலும் வழக்கறிஞர் கருத்தைக் கேட்காமல் நகராதீர்கள். இந்த மலையில் வாழும் ‘மலையாளி’ என்ற பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலம் கைமாறி விலைக்கு வருவதும் உண்டு. அதைத் தொடவே கூடாது. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) வீடோ, டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்ற மனையோ உங்களுக்குப் பொருந்தும். பணம் வங்கி வழியாக, வெளிநாட்டிலிருந்து நேரடியாகவோ வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்தோ போக வேண்டும். பவுண்டு நோட்டாகக் கொடுக்கக் கூடாது. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆனால் உடனே வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை. ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், ஐப்பசி கார்த்திகை மழை கட்டாயம் அதற்குள் வரட்டும். மே மாதக் கோடைவிழாவில் பார்க்கும் ஏற்காடு வேறு. அடைமழையில் நாள் முழுக்க மூடுபனி. பீரோவில் மடித்த பட்டுப்புடவை பூசணம் பூக்கும், தீக்குச்சி உரசினால் பற்றாது. மூட்டுவலி உள்ளவருக்கு அந்த ஈரம் ஒத்துக்கொள்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நெஞ்சுவலி என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும். இதய நோய் இருந்தால் சேலத்திலேயே அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வீடு எடுத்து, வெயில் காலத்துக்கு மட்டும் மலையேறுவது உத்தமம்.

மருத்துவக் காப்பீட்டை வந்த முதல் மாதமே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு இருக்கும், அந்தச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். நிரந்தரமாக வந்துவிட்டால் பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இலவச சிகிச்சையும் இல்லை.

பென்ஷன் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்தியாவில் குடியிருப்பவருக்கு பிரிட்டிஷ் அரசு பென்ஷன் முதலில் கிடைக்கும் தொகையிலேயே நின்றுவிடும். ஆண்டு உயர்வு கிடையாது. 66, 67 வயதில் தாராளமாகத் தெரியும் அதே பவுண்டு 80 வயதிலும் வரும், விலைவாசி மட்டும் ஏறியிருக்கும். வீட்டுக்கு எவ்வளவு போடலாம் என்பதை இந்தத் தொகையை வைத்தே தீர்மானியுங்கள்.