நாற்பது பிள்ளைகள், ஒரு கிரவுண்ட்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ராதாபுரம் பக்கம் கடற்கரை ஊர் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து லட்சம் பேர் வாழும் ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டி 2026 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. நம் நாட்டு அணி தேறுவதற்கு, பத்து பன்னிரண்டு வயதில் நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும் சார். ஆனால் கேப் வெர்டியை அளவுகோலாக வைக்க வேண்டாம். அந்த அணியில் பலர் ஐரோப்பாவில் பிறந்து அங்கேயே ஆட்டம் பழகியவர்கள். இரட்டைக் குடியுரிமை இல்லாத நமக்கு அந்த வழி கிடையாது.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2016-இல் அங்கே சுமார் மூன்றே கால் லட்சம் பேர்தான். அந்த ஆண்டு ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வென்று காலிறுதிக்குப் போனார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பனிக்காலத்திலும் ஆட உள்ளரங்க மைதானங்களைக் கட்டினார்கள். பள்ளிகளை ஒட்டிச் சின்னச் சின்ன ஆடுகளங்கள் போட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் சான்றிதழ் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களை வைத்தார்கள். மொராக்கோவும் அப்படித்தான்: முகமது ஆறாம் கால்பந்து அகாடமியில் சிறுவர்களாகப் பழகிய என்-நெசிரியும் ஔனாஹியும் 2022 உலகக் கோப்பை அரையிறுதி வரை ஆடினார்கள். தேசிய அணியின் அஸ்திவாரம் உங்களிடம் இருக்கிற வயதில்தான் விழுகிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? திருவிழாவுக்கு ஒரு நாக்-அவுட் டோர்னமெண்ட். எட்டு அணி வந்தால் நான்கு அணி ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். பாளையங்கோட்டையில் அப்படி ஓர் ஆட்டம் பார்த்தேன். பக்கத்துக்குப் பதினொரு பேர், பெரிய கிரவுண்ட். ஓரத்தில் நின்ற பையன் கால் விரலால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். முதல் பாதி முழுக்க மூன்றே தடவைதான் பந்து அவன் காலுக்கு வந்தது. இந்தப் பையன் எப்படித் தேறுவான்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆகவே லீக் நடத்துங்கள். நாற்பது பேரை ஐந்தைந்தாக எட்டு அணியாகப் பிரியுங்கள். நான்கு பேர் ஆட, ஒருவர் மாறி மாறி இறங்கட்டும். முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலத்தில் நான்கு களங்களைச் சுண்ணாம்பால் போடுங்கள். கோலுக்கு இரண்டு செங்கல் போதும், கோல்கீப்பர் வேண்டாம். பத்து நிமிட ஆட்டம், மூன்று நிமிட இடைவெளி. காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டு மணிக்குள், வெயில் ஏறும் முன்னே, ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஆடியிருக்கும். மொத்தம் 28 ஆட்டம். நாக்-அவுட்டில் ஏழுதான். ஜப்பானிலும் 12 வயதுக்குக் கீழே பக்கத்துக்கு எட்டுப் பேர் ஆட்டம்தான், பதினொரு பேர் இல்லை.

அப்புறம் ஒன்று. வாட்டசாட்டமான பையன்களை மட்டும் பொறுக்காதீர்கள். சீக்கிரம் வளர்ந்தவன் இன்று உடம்பால் ஜெயிப்பான். குட்டையாக இருப்பவனுக்குத்தான் பந்தை ஒளித்து ஆடும் புத்தி வந்திருக்கும். பிறந்த தேதியைச் சான்றிதழ் பார்த்தே எழுதுங்கள். வயதைக் குறைத்து ஆடவிட்டால் உண்மையான பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இடம்தான் பறிபோகிறது. பெண் பிள்ளைகளையும் அதே அணிகளில் சேருங்கள்.

நீங்களும் அகில இந்திய கால்பந்துச் சம்மேளனத்தின் ‘டி’ பயிற்சியாளர் சான்றிதழ் வரையாவது படித்துவிடுங்கள். பந்து நான்காம் நம்பர் வாங்குங்கள், ஐந்தாம் நம்பர் இந்த வயதுக் காலுக்குக் கனம். ஐப்பசி மழையில் கிரவுண்டில் தண்ணீர் நின்றால் கடற்கரை மணலில் ஆடவிடுங்கள். அந்த வாரத்தையும் விட்டுவிடாதீர்கள்.